சாக்குப் பரண்

சண்முகவள்ளியின் மூத்த பிள்ளை காய்ச்சலில் செத்ததாகத் தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி எழுதிக்கொண்டார். தகரம்தான் கொன்றது என்று அவளுக்குத் தெரியும். மலாயாவில், சிடாம் கிரிப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அத்தாப்பு ஓலை வீட்டில் இருந்தவர்களை, காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போட்டுவிடுவார்கள் என்று கம்பிவேலிக்குள் அடைத்து, தகரக் கூரை லயத்தைக் கொடுத்திருந்தார்கள். ஒளிந்து வருகிறவன் தெரியவேண்டுமாம், வேலியோரத்து மரங்களையும் வெட்டித் தள்ளினார்கள். மாசியில் ரப்பர் மரமும் இலை உதிர்த்துவிடும். துரை பங்களாவைச் சுற்றி மட்டும் நிழலுக்குக் குறைச்சலே இல்லை. அங்கே எவனும் ஒளியமாட்டான் போலிருக்கிறது.

இரண்டாவது பிள்ளை மார்கழியில் பிறந்தாள். மாசி வந்ததும் உடம்பெல்லாம் வேர்க்குரு கொப்புளித்து, பால் குடிக்காமல், மூத்தது போலவே துவண்டாள். இவளையும் தகரத்துக்குக் கொடுக்கமாட்டேன் என்று சண்முகவள்ளி புருஷனைப் பிடுங்கி எடுத்தாள்.

புருஷன் அய்யாவு ரப்பர் மரத்தில் பால்வெட்டுகிறவன். யஹ்யா பாய் கடையில் கெஞ்சிக் கூத்தாடி வெறும் அரிசிச் சாக்குகளை வாங்கிவந்தான். அவற்றைப் பிரித்துத் தைத்து, சுண்ணாம்புத் தண்ணீரில் முக்கி, தகரத்துக்கு ஒரு முழம் கீழே பரண் மாதிரி இழுத்துக் கட்டினான். மேலே இரண்டு பக்கமும் பலகையைக் கழற்றிக் காற்றுக்கு வழி விட்டான். தகரத்தின் சூடு அந்தச் சந்திலேயே வெளியே போய்விட்டது. அடுப்பையும் வாசலுக்குத் தள்ளினான். பிள்ளை மத்தியானத்தில் தூங்க ஆரம்பித்தாள், வயிறு நிறையக் குடித்தாள். அதைப் பார்த்துவிட்டு லயத்தில் பாதி வீட்டுக்காரர்கள் சாக்கு தேடி அலைந்தார்கள்.

சாக்கைப் பிரித்து உதறியபோதுதான் தையல் மடிப்பிலிருந்து கொஞ்சம் அரிசி உதிர்ந்தது. அளந்து கொடுத்த ரேஷனுக்கு மேல் வீட்டில் ஒரு மணி இருந்தாலும், காட்டுக்காரனுக்குப் பதுக்கியதாகக் குற்றம். "கூட்டி வெளிய போட்டுரு," என்றான் அய்யாவு.

"அரிசியப் போயி குப்பையில கொட்டுவாங்களா? பாவம்ங்க," என்றாள் சண்முகவள்ளி. பிள்ளைக்கு முதல் சோறு ஊட்டும்போது ஆகுமென்று, அவனுக்குத் தெரியாமல் ஒரு துணியில் முடிந்து பரண்மேல் செருகிவைத்தாள். ஒரு பிடிகூடத் தேறாது.

சோதனைக்கு வந்த போலீஸ்காரர்களுக்குப் பரணைக் கண்டதும் மூக்கு வேர்த்துவிட்டது. துப்பாக்கிக் கத்தியால் சாக்கை நார்நாராகக் கிழித்தார்கள். முடிச்சு அவள் காலடியில் விழுந்தது.

"யாருது இது?" என்று கேட்டான் கூட வந்த முருகையா, தோட்டத்தில் ஆள் மேய்க்கும் மண்டோர்.

அய்யாவு முடிச்சைப் பார்த்தான், பிள்ளையைப் பார்த்தான். "என்னுதுதான்." லாரியில் ஏறும்போது அவளிடம், "நீ வாயத் தொறக்காதே," என்றான்.

அன்றைக்கே லயத்தில் எல்லாரும் தங்கள் சாக்குகளைக் கிழித்தெறிந்தார்கள். வாசலில் சண்முகவள்ளியைக் கண்டால் கதவைச் சாத்தினார்கள். பாவிகள், ஒருத்தர்கூடப் பிள்ளையைப் பற்றிக் கேட்கவில்லை. பிள்ளை மறுபடியும் பாலை மறுத்தாள்.

சண்முகவள்ளி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, புருஷனை அடைத்துவைத்திருந்த சுங்கைப் பட்டாணி லாக்கப்புக்குப் போனாள். கனத்த செங்கல் சுவர், உயரத்தில் ஓட்டுக் கூரை. சிமெண்டுத் தரை சில்லென்றிருந்தது. துணி விரித்துக் கிடத்தியதும் பிள்ளை கண்ணயர்ந்தாள். கொஞ்ச நேரத்தில் எழுந்து பாலுக்கு வாயைத் திறந்தாள்.

கம்பிக்குப் பின்னால் அய்யாவு வந்து நின்றான். "வீட்டுல சூடு எப்படி?"

"பரணத் திரும்பக் கட்டிட்டேங்க. நல்லாத்தான் இருக்கு," என்று பொய் சொன்னாள். அவன் முகம் தெளிந்தது.

அவனை உள்ளே கொண்டுபோனதும் சார்ஜண்டின் மேசைமுன் போய் நின்றாள். "அரிசி என்னுதுங்க ஐயா. என்னைய உள்ள போடுங்க. பிள்ளையையும் என்கூடவே வெச்சுக்கறேன். வெயில் தணியிற வரைக்குமாச்சும் போடுங்க."

சார்ஜண்ட் சிரித்தார். "எல்லாப் பொம்பளையும் புருஷனுக்காக இதத்தான்லா சொல்லுது. போ, லயத்துக்கு போ."

அவள் காலைப் பிடித்தாள். ஒரு கான்ஸ்டபிள் அவளை வெளியே தள்ளி, பிள்ளையைத் தரையிலிருந்து எடுத்து அவள் கையில் கொடுத்தான்.

பங்குனி பிறப்பதற்குள் பிள்ளையைப் புதைத்துவிட்டார்கள். அய்யாவுக்குத் தகவல் சொல்ல ஆளில்லை. அரிசிக் குற்றத்துக்காக நாடு கடத்தி, அவனைப் பினாங்கிலிருந்து இந்தியாவுக்குக் கப்பலேற்றினார்கள். மகள் பரணுக்குக் கீழே சுகமாகத் தூங்குகிறாள் என்று கப்பலில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டே போனானாம்.