காப்பிப் பூவும் சிவப்புப் பந்தும்

மதராஸ் கடை ஒன்றின் விளையாட்டுச் சாமான் பட்டியலில் பதினோரு இடத்தில் நீலப் பென்சில் குறி இருந்தது. புதிதாகக் கோல்ஃப் ஆடுபவருக்கு என்னென்ன வேண்டும் என்று எங்கள் எஸ்டேட் துரைசானி தன் கையாலேயே குறித்து அனுப்பியிருந்தாள். அந்தப் புதியவர் என் வீட்டுக்காரர்.

கணக்கு எழுதும் ரைட்டராக இருந்த இவரை உதவி மானேஜர் வேலையில் தற்காலிகமாக உட்கார வைத்திருந்தார்கள். துரை தன் பழைய மட்டைகளில் ஏழு கொடுத்து, கோடை மழை விழுந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்களோடு ஆட வரச் சொன்னார். அன்று இவர் எப்படி நடந்துகொள்கிறார் என்று பார்த்துத்தான் வேலையை நிரந்தரமாக்குவார்கள் என்று ஆபீசில் பேச்சு. எனக்கு வேலையைவிட, அதோடு வரும் பங்களாதான் கண்ணில் நின்றது. பூட்டிக் கிடந்த அந்தப் பங்களாவில் விறகெரித்துக் குளிர்காயக் கணப்பு இருந்தது. எங்கள் குவார்ட்டர்ஸ் சுவரில் கை வைத்தால் ஈரம் ஒட்டும். எட்டு மாதக் குழந்தைக்கு இளைப்பு நிற்கவே இல்லை.

"துரைசானி குறிச்சத அப்படியே எழுதிப் போட்டுரு புள்ள," என்றார்.

"வெள்ளிக் குடுவை எதுக்குங்க? நீங்க குடிக்கறதில்லையே."

"அவுங்க எல்லாரு கையிலயும் இருக்குதில்ல."

"அவுங்க கையில இருக்கறது நம்ம கையில இருந்தா, நாம ஏனுங்க இந்த ஈர ஊட்டுல கெடக்கறோம்?"

பேசிவிட்டேனே தவிர, மனம் அடங்கவில்லை. நான் கான்வென்ட்டில் படித்தவள். அங்கே சொன்னதைச் செய்துதான் பழக்கம். துரைசானி குறித்ததை அடிக்க ஒரு காரணம் வேண்டியிருந்தது. மறுநாள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, யாரும் ஆடாத நேரமாகப் பார்த்து மைதானத்துக்கே போனேன். எங்கள் குவார்ட்டர்ஸ் பெண்கள் அங்கே கால் வைப்பதில்லை. போனால்தானே என்ன தேவை என்று தெரியும்.

பக்கத்து மஞ்சக்குட்டை ஊர்ப் பெண் ஒருத்தி புல் அறுத்துக்கொண்டிருந்தாள். என் வயதுதான் இருக்கும்.

"ஏனுங்க அம்மிணி, நீங்களும் ஆடப் போறீங்களாக்கும்?"

"எங்க ஊட்டுக்காரருக்கு. இங்க ஆடறவங்களுக்கு என்ன கஷ்டம் வருதுன்னு பாக்க வந்தேன்."

"கஷ்டமா? வழுக்கி உழுவாங்க. அப்புறம் பந்துக் குண்டத் தொலைச்சுப்போட்டு, நாந்தான் எடுத்து மடியில கட்டிக்கிட்டேன்னு என்னையப் பாப்பாங்க." மடியை உதறிக் காட்டிச் சிரித்தாள். "மஞ்சு எறங்குனா மட்டைப் புடியும் நொம்ப ஈரமாப் போயிருமுங்க. சட்டையிலயே தொடச்சுக்குவாங்க."

அன்றே கடிதம் எழுதினேன். பந்து ஆறு, கையுறை. அவ்வளவுதான். அவருடைய பழைய பூட்ஸின் அடியில் வழுக்காமலிருக்க ஆணி அடிக்கச் சேலத்துக்கு அனுப்பினேன். இடுப்பு வாரில் தொங்கவிடத் துண்டு ஒன்றைக் கிழித்துத் தைத்தேன். வெள்ளிக் குடுவை, குஞ்சம் வைத்த காலுறை, மற்ற குறிகள் எல்லாவற்றையும் அடித்துவிட்டேன்.

ஒன்றில் தவறினேன். பட்டியலில் கையுறை இடக்கைக்கு மட்டும் என்று இருந்தது. கோல்ஃபில் ஒரு கைக்குத்தான் உறை என்று தெரியாமல், அச்சுப்பிழை என்று நினைத்து, வலக்கைக்கும் சேர்த்து அனுப்பும்படி எழுதினேன். கடைக்காரர் மறுபேச்சில்லாமல் அனுப்பிவைத்தார்.

பிறகு மழை விழுந்தது. ஆட்டம் வரும் ஞாயிறு விட்டு அதற்கடுத்த ஞாயிறு என்று சொல்லியனுப்பினார்கள். விரல் விட்டு எண்ணினேன். மழை விழுந்த ஒன்பதாம் பத்தாம் நாளில் காப்பி பூக்கும். ஆட்டம் பதினோராம் நாள். மைதானத்தைச் சுற்றிலும் காப்பிதான். செடிக்கடியில் வெள்ளையாகக் கொட்டிக் கிடக்கும் பூவில் வெள்ளைப் பந்தை எவர் தேடி எடுப்பார்? பூ விரியும் நாளை என்னைவிட நன்றாகத் துரைக்குத் தெரியும். ஆனால் அவருக்கு அது விளைச்சல் கணக்கு.

காப்பி மூட்டையில் முத்திரை போடும் சிவப்புச் சாயத்தைக் குடோனிலிருந்து இவரை வாங்கிவரச் சொல்லி, ஆறு பந்துக்கும் பூசி முறத்தில் காயவைத்தேன்.

"மானம் போகப் போகுது," என்றார்.

"போனா எம்மேல சொல்லுங்க. எம் பொண்டாட்டிதான் பூசுனான்னு."

ஞாயிற்றுக்கிழமை புல் அறுக்கும் பெண்ணோடு வேலியோரப் பாதையில் நின்றேன். இடுப்பில் குழந்தை இருமிக்கொண்டிருந்தது. இவர் இரண்டு கையிலும் கையுறை மாட்டிக்கொண்டு இறங்கினார். துரைகள் நால்வரும் சிரித்தார்கள். லாரி ஓட்டப் போகிறாயா என்று ஒருவர் கேட்டார். சிவப்புப் பந்தைப் பார்த்து, கிரிக்கெட் பந்து மழையில் நனைந்து சுருங்கிவிட்டதா என்றார் இன்னொருவர். பதினோரு குறியையும் வாங்கியிருக்கலாமோ என்று அந்த ஒரு நிமிடம் நினைத்தேன்.

மூன்றாவது குழிக்குப் போகும்போது பனிமஞ்சு இறங்கியது. இவர் அடித்தது காப்பிச் செடிக்குள் போனது. போன வேகத்தில் எடுத்துவந்து அடுத்த அடியை அடித்தார். பின்னால் துரையின் பந்து போனது. கிளையை விலக்கி, குனிந்து, பூவைக் காலால் தள்ளித் தேடினார். கிடைக்கவில்லை. இன்னொன்று போட்டார். அதுவும் போனது. மூன்றாவதும் போன பிறகு, ஈரப் புல்லில் வழுக்கி ஒரு முழங்காலில் உட்கார்ந்தார்.

"இன்னைக்கு எம் மடியப் பாக்கச் சொல்லுங்க," என்றாள் பக்கத்தில் இருந்தவள், வாயைப் பொத்திக்கொண்டு.

எழுந்த துரை இவரிடம் கை நீட்டினார். இவர் ஒரு சிவப்புப் பந்தைக் கொடுத்தார். யாருடைய யோசனை இது என்று துரை கேட்டது என் காதில் விழுந்தது. இவர் பாதைப் பக்கம் என்னைக் காட்டினார்.

மானம் போனால் சொல்வதற்காக நான் கொடுத்த பதில்தான் அது. துரை என் பக்கம் நடந்து வந்தார். நன்றாக யோசித்திருக்கிறாய் என்றார்.

நன்றி சொல்லித் தலை குனிந்திருக்க வேண்டும். குழந்தை மறுபடி இருமியது. நான் நிமிர்ந்து ஆங்கிலத்தில் சொன்னேன்: "எங்கள் வீட்டில் சுவர் ஈரம். குழந்தைக்கு மூச்சு இழுக்கிறது. உதவி மானேஜர் பங்களா பூட்டிக் கிடக்கிறது. சாவி எப்போது கிடைக்கும்?"

இவர் தன் பூட்ஸ் ஆணியைப் பார்த்துக்கொண்டு நின்றார். துரை குழந்தையைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த பந்தைப் பார்த்தார். அவர் விரலெல்லாம் சாயம்.

"திங்கட்கிழமை," என்றார்.

அன்று ஆட்டத்தில் இவர்தான் கடைசி. சாவி திங்கட்கிழமை வந்தது. பந்தால் வந்தது என்று இவர் சொல்கிறார். கேட்டதால் வந்தது என்று நான் சொல்கிறேன். வலக்கைக் கையுறையை மாட்டிக்கொண்டுதான் கணப்புக்கு விறகு தள்ளினேன்.