மாலிப்டினம் கலந்த துண்டு

ஜெயக்கொடி சுழலும் தட்டின் மேல் உலோகத் துண்டை வைத்து விரலால் அழுத்திக்கொண்டிருந்தாள். தட்டில் ஈரத்துணி, அதன் மேல் வைரப் பசை. துண்டில் முகம் தெரிய வேண்டும். ஒரு கீறல் இருந்தாலும் மைக்ராஸ்கோப் காட்டிக்கொடுத்துவிடும்.

எழுமலைக்காரி. கிரானைட் பட்டறையில் கல்லுக்குப் பாலிஷ் போட்டவள். பட்டறை மூடியபின் திருமங்கலத்தில் வெள்ளைத்துரை நடத்தும் சிறு ஆலையில் தற்காலிகமாகச் சேர்ந்தாள். மாதக் கடைசியில் வேலை நிரந்தரமா இல்லையா என்று அவர் சொல்ல வேண்டும். அவள் அம்மாவின் கால்புண்ணுக்குக் கட்டுப்போட வீட்டுக்குப் போய்வரும் நர்ஸ் நான்; இதெல்லாம் அவள் சொல்லிக் கேட்டது. அந்த வீட்டுக்கு வேறு சம்பளம் கிடையாது.

ஆலையில் செய்வது புற்றுநோய்ச் சிகிச்சை இயந்திரத்தில் கதிரைத் தடுக்கும் கட்டிகள். டங்ஸ்டன் தூளோடு கொஞ்சம் நிக்கலும் இரும்பும் கலந்து உலையில் வைப்பார்கள். அவை இரண்டும் உருகும். டங்ஸ்டன் உருகாமல் அந்தக் குழம்புக்குள் உருண்டைக் குருணைகளாக நிற்கும். இம்முறை மாலிப்டினம் என்ற உலோகமும் சேர்த்திருந்தார்கள்; அந்தக் கட்டியில் சோதனைக்கு வெட்டியதுதான் ஜெயக்கொடி கையிலிருந்த துண்டு. டங்ஸ்டன் குழம்பில் கொஞ்சம் கரைந்து மறுபடி படிவதால்தான் குருணை வளரும்; மாலிப்டினம் கரைந்துகொண்டால் டங்ஸ்டன் கரைய இடம் குறையும். குருணைகள் வளராமல் சின்னதாகவே நிற்கும், கட்டி கடினப்படும் என்பது வெள்ளைத்துரையின் கணக்கு.

தேய்த்த துண்டை மைக்ராஸ்கோப் திரையில் பார்த்தார்கள். குருணை சின்னதுதான். ஆனால் நடுநடுவே கறுப்புக் குழிகள்.

“என்ன தாயி, சல்லடையா இருக்கு! இதை மிசின்ல வச்சா கதிரு நேரா வந்து நமக்கு வணக்கம் வைக்கும்,” என்றார் வெள்ளைத்துரை. “மாலிப்டினம் வேணாம். பழைய கலவைக்கே போயிருவோம்.”

அவர் போனபின் ஜெயக்கொடி மறுபடி பார்த்தாள். கலவை சரியில்லாமல் வந்த காற்றுக்குமிழி என்றால் பெரிதும் சிறிதுமாக இருக்கும். இந்தக் குழிகளோ பக்கத்துக் குருணைகளின் அளவிலேயே, அதே உருண்டையாக இருந்தன. இந்தத் துண்டு கடினம், கீறல் சீக்கிரம் போகவில்லை என்று கூடுதலாக அழுத்தியது அவள் கைதான். வாயை மூடிக்கொண்டால் பழி மாலிப்டினத்துக்குப் போகும், வேலை தங்கும். எழுந்து அவரிடம் போனாள்.

“அண்ணே, கலவையில குத்தமில்ல. நான் அழுத்துனதுல குருணை பிடுங்கிக்கிட்டு வந்துருச்சு.”

“எம்புட்டு அழுத்துன?”

“கல்லுக்கு அழுத்துற அம்புட்டு.”

“அடி ஆத்தாடி! இது என்ன கல்யாண மண்டபத்துத் தரையா?” தலையில் கைவைத்துக்கொண்டார். “மறுபடி தேய். அப்பவும் குழி இருந்துச்சுன்னா நீ சொன்னது சாக்கு. உன் வேலையும் அதோட சரி.”

உப்புத்தாளில் தொடங்கி அதே துண்டைத் திரும்பத் தேய்த்தாள். வைரப் பசைக்கு வந்ததும் விரலை வெறுமனே வைத்திருந்தாள். எழுமலை பஸ்ஸும் போய்விட்டது. வெள்ளைத்துரை திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஓரத்தில் இரண்டு குழிகள். மற்ற இடமெல்லாம் சின்னச் சின்ன உருண்டைகள், நெருக்கமாக.

“இன்னும் இழுத்துப் பார்க்கணும், எம்புட்டு தாங்குதுன்னு. அதுக்குள்ள சிரிக்காத,” என்றார். “நாளைக்கு வர்றப்ப போட்டோ ரெண்டு கொண்டா. வேலையில பதியணும்ல.”

மறுநாள் காலை அவர் மாலிப்டினம் கலந்த தூளை மறுபடி அச்சில் நிரப்பச் சொன்னார். ஜெயக்கொடி போட்டோவை மேசையில் வைத்துவிட்டு, அந்த மாதம் தான் தேய்த்த மற்றத் துண்டுகளிலும் அப்படிக் குருணை பிடுங்கியிருக்குமோ என்று அவற்றையும் எடுத்து, முதலிலிருந்து தேய்க்க உட்கார்ந்தாள்.