தாணம்மாள் ஊட்டுப்புரை

உங்கள் வீட்டில் நேற்று மிஞ்சிய குழம்பு, நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு மிஞ்சியிருந்தால் யார் வயிற்றுக்குப் போயிருக்கும்? தெரியாது என்கிறீர்களா? முருகதாஸுக்குத் தெரியும்.

அஞ்சுகிராமத்துக்குப் பக்கத்து ஊரில், துணி வெளுக்கும் குடும்பத்தில் பிறந்தவர் அவர். ஊர் அழுக்கை வெளுத்ததற்குக் கூலி, அந்தி சாயும்போது வீடு வீடாகப் பின்வாசலில் நின்று வாங்கும் ஊர்ச்சோறு. அம்மா தாணம்மாள் குரல் கொடுப்பார். மகன் போணி என்கிற அலுமினியப் பாத்திரத்தை ஏந்துவார். ஒரு வீட்டுச் சாம்பார் மேல் அடுத்த வீட்டில் தேங்காய் வறுத்தரைத்த தீயல் விழும், அதன் மேல் மீன்குழம்பு. கை பட்டுவிடாத உயரத்திலிருந்து ஊற்றுவார்கள்.

அந்தப் போணியை விட்டு ஓடினார். திருவனந்தபுரத்தில் ஓர் ஓட்டலில் எச்சில் தட்டு கழுவினார். பிறகு துபாய். வெங்காயம் உரிப்பதில் தொடங்கித் தலைமைச் சமையல்காரர் வரைக்கும் போனார். சென்னைக்குத் திரும்பியபோது தொலைக்காட்சி அவரைப் பிடித்துக்கொண்டது. சமையல் போட்டிக்கு நடுவர். ஒரு கரண்டி வாயில் வைத்ததும், "வெந்தயம் கருகியிருக்கு" என்பார். போட்டிக்கு வந்தவர் முகம் வெளிறும். ஊரும் பூரித்துப்போனது. கோயில் கொடைத் திருவிழாவுக்கு அவர் படம் போட்டு ஃபிளெக்ஸ் வைத்தார்கள். "செஃப் சாரு நம்ம ஊராளாக்கும்" என்று கமிட்டித் தலைவர் முத்துநாயகம் போகிற இடமெல்லாம் சொன்னார்.

முருகதாஸுக்கு ஒரே ஓர் ஆசை. இந்த ஊர் முன்வாசல் வழியாக வந்து, அம்மாவின் பெயர்ப்பலகைக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அதற்காகவே அஞ்சுகிராமம் சாலையில் 'தாணம்மாள் ஊட்டுப்புரை'யைத் திறந்தார். மன்னர் காலத்தில் உயர்ந்ததென்று சொல்லிக்கொண்ட சாதிக்கு மட்டும் இலை போட்ட கூடத்துக்குத்தான் ஊட்டுப்புரை என்று பெயர். தெரிந்தேதான் வைத்தார். திறந்த புதிதில் இலை போட இடமில்லாமல் ஆட்கள் வெளியே காத்து நின்றார்கள்.

அப்புறம் அந்தக் கேள்வி வந்தது. நிகழ்ச்சியில் ஒரு பெண், "இவ்வளவு நுணுக்கமா ருசி பார்க்க எங்கே சார் படிச்சீங்க?" என்றாள். முருகதாஸ் மறைக்கவில்லை. "ஊர்ச்சோத்துல படிச்சேன்மா. ஒரே போணியில பல வீட்டு மிச்சம் கலந்து கிடக்கும். எது யார் வீட்டுக் குழம்புன்னு நாக்குல வச்சே சொல்லுவேன்" என்றார்.

அது ஒளிபரப்பான மறுநாளே முத்துநாயகம் ஓட்டலுக்கு வந்துவிட்டார். 'சாரு' காணாமல் போயிருந்தது.

"ஏலே முருகா, எங்க அம்மை போட்ட சோத்தத் தின்னு வளந்துகிட்டு, டிவில போயி ஊர நாறடிச்சிட்டியே!"

"உள்ளதத்தானே சொன்னேன்."

"என்ன உள்ளது? மிச்சம் இல்ல, கோயில் பிரசாதமாக்கும்னு ஒரு வார்த்த திருத்திச் சொல்லு. தீந்துச்சு."

"சாம்பாருக்குள்ள மீன் முள்ளு கெடந்துச்சே, அது எந்தச் சாமி பிரசாதம்?"

முத்துநாயகம் எழுந்து போனார். பதில் வாட்ஸ்அப்பில் வந்தது. 'அங்கே மிச்சத்தைத்தான் சூடாக்கிப் போடுகிறான். அவனுக்குப் பழகின சோறு அதுதானே.' தீட்டு என்பது எந்த ஆய்வுக்கூடத்திலும் அகப்படாத கிருமி. ஆனால் அது பரவும் வேகத்தில் வேறெந்தக் கிருமியும் பரவியதில்லை. கூடம் காலியானது. வாசலில் நின்று முருகதாஸோடு செல்ஃபி எடுத்துக்கொள்ள மட்டும் ஆட்கள் வந்தார்கள், உள்ளே வரவில்லை. பரிமாறுகிறவர்கள் ஒவ்வொருவராக வேறு வேலை தேடிப் போனார்கள்.

தாணம்மாளால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. மகனிடம் சொல்லாமல் கமிட்டி முன்னால் போய் நின்றார். "பய அறியாம சொல்லிட்டான். நீங்க நல்ல சோறுதான் தந்தீங்க ஐயா" என்று கும்பிட்டார். அதைப் படம்பிடித்து ஊர் முழுக்க அனுப்பினார்கள். முருகதாஸ் அதைத் தன் ஃபோனில்தான் பார்த்தார். ஊருக்கு அந்தக் கும்பிடு போதுமாயிருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊரே சாப்பிட வந்தது. அம்மா புதுப்புடவை கட்டி, கல்லாவுக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவியல், தீயல், பிரதமன் என்று முருகதாஸே பந்தியில் பரிமாறினார். இதற்காகத்தானே இத்தனையும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வயிறு முட்டச் சாப்பிட்ட முத்துநாயகம் இலையைக் காட்டிச் சிரித்தார்.

"தாணம்மா, இம்புட்டு மிச்சம் கெடக்கு. போணியக் கொண்டு வாடி!"

பந்தி முழுக்கச் சிரித்தது. வெறும் கேலிதான். ஆனால் தாணம்மாள் எழுந்துவிட்டார். சாம்பார் வாளி ஒன்றை எடுத்துக்கொண்டு அந்த இலைக்கு முன்னால் போய், எட்ட நின்று, முதுகை வளைத்து, இரண்டு கையாலும் நீட்டினார். யோசித்துச் செய்யவில்லை. அந்த உடம்புக்கு அந்தக் குரலின் முன்னால் வேறொன்றும் தெரியாது.

முருகதாஸ் ஓடிவந்து வாளியைப் பிடுங்கினார்.

அம்மா அவர் கையைப் பிடித்து மெதுவாகச் சொன்னார்: "சத்தம் போடாத மக்களே, எம் பிள்ளையில்லா. இண்ணைக்குத்தான கட நெறஞ்சிருக்கு."

முருகதாஸ் வாளியைக் கீழே வைத்தார். உள்ளே போய் அடுப்பை அணைத்தார். கடைசி ஆள் கை கழுவிப் போனதும் ஷட்டரை இறக்கினார். பிறகு அது திறக்கவேயில்லை. தொலைக்காட்சியில் இப்போது வேறு நடுவர். முருகதாஸ் மறுபடியும் துபாயில், பெயர் தெரியாத ஓர் அடுப்படியில் நிற்கிறார். வெயிலில் வெளுத்த பலகையில் அம்மாவின் பெயர் பாதிதான் தெரிகிறது. கடை மூடியதற்குத் தான்தான் காரணம் என்று தாணம்மாள் இன்றைக்கும் எல்லோரிடமும் சொல்கிறார். முத்துநாயகம்தான் இந்த வருடமும் கமிட்டித் தலைவர்.

இதைப் படித்து உச்சுக்கொட்டாதீர்கள். உங்கள் வீட்டில் மூத்தவர்களைக் கேளுங்கள்: நம் பின்வாசலில் நின்று சோறு வாங்கியது யார்? பெயரைச் சொல்ல வையுங்கள். அந்த வீட்டைத் தேடிப் போங்கள். முன்வாசல் வழியாகப் போய், அவர்கள் போடும் சோற்றை, உங்கள் பிள்ளைகளையும் பக்கத்தில் உட்காரவைத்துச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.