உமியில் போட்ட கோடு

உமி வாசனை தெரியுமா உங்களுக்கு? ரைஸ் மில் பக்கத்தில் குவிந்து கிடக்குமே... மூக்கில் ஏறினால் தும்மல் நிற்காது. எனக்கு அதுதான் கோ-கோ வாசனை.

நீடாமங்கலத்தில் நான் பத்தாவது படித்தபோது வட்டாரப் பள்ளிகளின் விளையாட்டுக்கு இரண்டு கமிட்டி. பையன்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று. மைதானம் மட்டும் ஒன்றே ஒன்று. அதன் சாவி பையன்கள் கமிட்டியிடம். கோடு போடும் சுண்ணாம்பும் அவர்களுடையதுதான்.

எங்கள் ஃபைனல் அன்று காலையிலேயே போய் உட்கார்ந்துவிட்டோம். பையன்களின் கபடி முடிந்து, பரிசு கொடுத்து, போட்டோ எடுத்து... மைதானம் எங்கள் கைக்கு வந்தபோது மணி ஐந்து. எங்கள் பி.டி. மிஸ் போய்ச் சுண்ணாம்பு கேட்டார்.

"அது எங்க ஸ்டாக்குங்க மேடம். உங்க கமிட்டில கேளுங்க."

"எங்க கமிட்டியே நான்தான் சார்."

எதிர் மில்லில் இரண்டு சாக்கு உமி கேட்டு வாங்கி நாங்களே கோடு போட்டோம். பார்க்க அழகாகத்தான் இருந்தது... காற்று வரும்வரை.

கடைசி முறை. இருட்டிக்கொண்டு வருகிறது. நாங்கள் துரத்துகிறோம். இன்னும் இரண்டு பேரைத் தொட்டால் கோப்பை. நடுவர் விசில் ஊதிவிட்டார்.

"கோடும் தெரியல, ஆளும் தெரியலம்மா. டாஸ் போட்டுக்கலாம்."

கேப்டன் நான். தலை கேட்டேன். பூ விழுந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் எங்கள் டீம் நூர்ஜஹான் சொன்னாள்: "நாலு மாசம் ஓடினதுக்கு, காசு சுண்டிப் பழகியிருக்கலாம்டி." யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

இப்போது என் மகள் ஆறாவது. அவளும் கோ-கோ, அவளும் கேப்டன். சனிக்கிழமை அதே மைதானத்தில் மேட்ச். அதே இரண்டு கமிட்டி, இப்போது இரண்டு வாட்ஸ்அப் குரூப். பையன்களுக்குக் 'காலை ஒன்பது மணி'. பெண்களுக்கு, 'பையன்கள் ஃபைனல் முடிந்ததும்'.

போன் போட்டேன். பெண்கள் கமிட்டி சார், "கிரவுண்டு அவங்க கையிலங்க" என்றார். பையன்கள் கமிட்டி சார், "அது அவங்க டைம்டேபிளுங்க, நாங்க தலையிட முடியாது" என்றார்.

இரண்டு கமிட்டியையும் சேர்த்துத் தொலைத்தால் என்ன என்று பெற்றோர் குரூப்பில் கேட்டேன்.

"சேர்த்துட்டா நம்ம பொண்ணுங்களுக்குப் பேச ஆளே இருக்காதுங்க," என்றார் ஒரு அம்மா.

அந்தப் பயம் எனக்கும் இருக்கிறது. ஆனால் அன்று எங்களுக்குப் பேச ஆள் இருந்தார். சாவி வைத்திருந்தவர்களின் மேஜையில் அவருக்கு ஒரு நாற்காலி இல்லை, அவ்வளவுதான். நாற்காலிகளில் பாதி பெண்களுக்கு என்று எழுதிச் சேருங்கள். இதற்கு இன்னும் எத்தனை வருடம் யோசிப்பீர்கள்?

அன்று உமி. இன்று மைதானத்தின் நான்கு மூலையிலும் பெரிய லைட். சுவிட்ச் ரூம் சாவி யாரிடம் என்று மட்டும் கேட்காதீர்கள்...

நான் புலம்பியதையெல்லாம் ஷூவுக்கு லேஸ் கோத்தபடி கேட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"அம்மா, டாஸ் போட்டா நான் தலை கேக்கவா, பூ கேக்கவா?"

"சாவியைக் கேளு," என்றேன்.