துணி கேட்காத சீருடை

தெருவில் அவளுக்கு வைத்த பெயர் அரையிஞ்சு. ஒருவர் வாங்கிப் போன சட்டையில் தோள்பட்டை அரை இஞ்சு கூடிவிட்டது என்று, அவர் வீட்டுக்கே போய் அதைக் கழற்ற வைத்து, பிரித்துத் தைத்துக் கொடுத்தவள் அவள். போட்டுக்கொண்டிருந்தவருக்கே தெரியாத குறை அது. "நல்லாத்தானம்மா இருக்கு, விடேன்" என்று அவர் கெஞ்சியும் விடவில்லை. கேலிக்கு வைத்த பெயர்தான். ஆனால் அந்தப் பெயரைக் கேட்டு நாலு தெரு தள்ளியிருந்தும் துணி வந்தது. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவளுக்கு அதைவிடப் பெரிய பட்டம் யார் கொடுக்கப்போகிறார்கள்?

மூன்று மாடிப் பழைய கட்டடம் ஒன்றில் மரப்படிக்கு அடியில் அவள் கடை. கூரை ஒரு பக்கம் உயர்ந்து மறுபக்கம் தாழ்ந்திருக்கும். உயரமானவர்கள் அளவு கொடுக்க வந்தால் வாசல் பக்கமாகத்தான் நிற்க வேண்டும். உள்ளே இரண்டு தையல் மிஷின், ஒரு வெட்டும் மேசை, ஒரு ஸ்டூல். தலைக்கு மேலே படியேறுகிறவர்களின் காலடி நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கும். செருப்புச் சத்தத்தை வைத்தே யார் போகிறார் என்று சொல்லிவிடுவாள்.

இரண்டாம் மாடியில் புதிதாக ஓர் அலுவலகம் வந்தது. விமான நிலையத்துச் சரக்குக் கிடங்குக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று பேச்சு. வந்த வாரமே அதன் மேலாளர் கீழே இறங்கி வந்தார். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, சத்தம் போடாத காலணி.

"எடுத்த ஆளுங்களுக்கு யூனிஃபார்ம் தைக்கணும். முதல்ல அளவு மட்டும் எடுத்து ஆளுக்கொரு சீட்டுல எழுதிக் குடுங்க. தலைக்கு இவ்வளவுன்னு கையோட குடுத்துடறேன்."

சீருடை வேலை என்றால் அவள் முதலில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. அன்று கேட்கவில்லை. அவள் கணவன் ஐந்து மாதமாக வீட்டில் இருந்தான். பாரம் தூக்கும் வண்டி ஓட்டிய கிடங்கை மூடிவிட்டார்கள். காலையில் மகளுக்குத் தலை பின்னிவிடவும் கற்றுக்கொண்டுவிட்டான். மேலாளர் பேசிக்கொண்டிருந்தபோது அவள் மனதில் ஓடியது சீருடை இல்லை, அவன்தான்.

அன்று மாலையே அவனை மாடிக்கு அனுப்பினாள். பதிவுக் கட்டணம் வாங்கிக்கொண்டு, சான்றிதழ்களையும் ஓட்டுநர் உரிமத்தையும் அசலாகவே வாங்கி வைத்துக்கொண்டு, எடுத்தாயிற்று என்று கடிதம் கொடுத்துவிட்டார்கள். அடுத்த வாரச் சனிக்கிழமை பதினொரு மணிக்குச் சீருடைக்கும் வைப்புத் தொகைக்குமாக இரண்டு மாத வீட்டு வாடகை அளவுக்குப் பணம் கட்ட வேண்டும். திங்கட்கிழமை வேலை.

பத்து நாளில் முப்பத்தொரு பேருக்கு அளவெடுத்தாள். வரிசை வாசலைத் தாண்டித் தெருவில் நிற்கும். வரிசை என்றால் பேச்சும் இருக்கத்தானே செய்யும்.

"அண்ணே, மூச்சை இழுத்துப் புடிக்காதீங்க. அப்புறம் வேலையில முழு நாளும் இழுத்துப் புடிச்சுக்கிட்டே நிக்கணும்."

"இல்லம்மா, வேலைக்குப் போனா தொப்பை தானா குறையும். இப்பவே கொஞ்சம் குறைச்சுப் போட்டுடு."

"குறைஞ்சப்புறம் வாங்க, பிடிச்சுத் தரேன். இப்ப இருக்கறதைத்தான் எழுதுவேன்."

வரிசையில் ஒரு சின்னப் பெண், துணிக்கடையில் மடிப்பு வேலை பார்த்தவள், அளவெடுத்து முடிந்த பிறகும் போகாமல் நின்றாள். "அக்கா, இது நிஜமான வேலைதான? எங்கம்மா சந்தேகப்படுது."

"நிஜம் இல்லாமலா ஒவ்வொருத்தரையும் நிறுத்தி அளவெடுப்பாங்க?" என்றாள் அரையிஞ்சு, வாயில் குண்டூசியோடு. அந்தப் பெண்ணின் முகம் தெளிந்ததைப் பார்த்து அவளுக்கும் சந்தோஷம்.

வியாழக்கிழமை மதியம் கூட்டம் இல்லை. சும்மா இருக்கத் தெரியாதவள், நோட்டை எடுத்துத் துணிக்கணக்கு போட்டாள். சட்டைக்கு இரண்டே கால் மீட்டர், பேண்ட்டுக்கு ஒன்றே கால். ஆளுக்கு இரண்டு ஜோடி என்றால் ஏழு மீட்டர். முப்பத்தொரு பேருக்கு இருநூற்றுப் பதினேழு மீட்டர். அவ்வளவு துணி ஒரே சாயத்தில் வேண்டுமென்றால் மொத்தக் கடையில் ஒரு வாரம் முன்பே சொல்லி வைக்க வேண்டும்.

பென்சில் நின்றது.

பன்னிரண்டு வருடத்தில் பள்ளிக்கூடத்துக்குத் தைத்திருக்கிறாள், காவல்காரர்களுக்குத் தைத்திருக்கிறாள், ஒரு மருந்துக் கம்பெனிக்குத் தைத்திருக்கிறாள். எல்லோரும் முதலில் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: துணி எத்தனை மீட்டர்? செலவே அதில்தானே இருக்கிறது. அவர்கள் கேட்காவிட்டால் அவளே கேட்டுவிடுவாள். இந்த மனிதர் பத்து நாளாகக் கேட்கவே இல்லை. இன்று வியாழன். திங்கட்கிழமை எதைப் போட்டுக்கொண்டு போவார்கள்?

கணக்கெழுதிய தாளைக் கிழித்துக்கொண்டு மாடிக்குப் போனாள்.

மேலாளர் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாளை வாங்கிப் பார்க்காமலே மேசையில் வைத்தார். "துணியா? அதெல்லாம் வந்தாச்சும்மா. வெளியூர்லயே தைச்சு வந்துடும்."

"நேத்து வரைக்கும் அளவெடுத்தேனே சார், அதுக்குள்ள எப்படித் தைப்பாங்க?"

அவர் பதில் சொல்வதற்குள் அவள் கண் கீழே போயிற்று. மேசையின் ஒரு கால் குட்டை. ஆடாமல் இருக்க அதன் அடியில் காகிதம் மடித்து வைத்திருந்தார்கள். அவளுடைய நீலப் பென்சில் எழுத்து. அவள் கையெழுத்து. ஒவ்வொருவரையும் இரண்டு தடவை அளந்து எழுதிய சீட்டுகள், கட்டாகவே, நசுங்கிக் கிடந்தன.

அவள் பார்த்ததை அவரும் பார்த்தார். கைபேசியைக் கவிழ்த்து வைத்தார். குரல் இன்னும் மெதுவாயிற்று.

"உங்க வீட்டுக்காரர் லைசென்ஸ் எங்கிட்டதான் இருக்கு. பத்திரமா வெச்சிருக்கேன். பாப்பா மூணாவது படிக்குது இல்ல? காலையில பள்ளிக்கூடத்துப் பின்வாசல் வழியாத்தான் உள்ள போகுது. வண்டி வர்ற ரோடு. பாத்துப் போகச் சொல்லுங்க." மேசை இழுப்பறையைத் திறந்து இரண்டு நோட்டுகளை எடுத்து அவள் கையில் திணித்தார்.

கீழே வந்து உட்கார்ந்தாள். மகள் பின்வாசல் வழியாகப் போவது அந்த மனிதருக்கு எப்படித் தெரியும்? எத்தனை நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்?

கூடப்பிறந்த மூத்தவளுக்குப் போன் செய்தாள். மருத்துவமனையில் படுக்கை விரிப்புகள் துவைக்கும் இடத்தில் வேலை செய்பவள் அவள். மிஷின் இரைச்சலுக்கு நடுவே முழுவதையும் கேட்டாள்.

"வாயை மூடிக்கிட்டு இருடி. உன் புருஷன்கிட்ட பணம் கட்ட வேணாம்னு சொல்லு, அவ்வளவுதான். ஊர்ல இருக்கறவங்களைக் காப்பாத்த நீ என்ன போலீஸா? புள்ளையப் பாரு."

பயத்தில் சொன்னதுதான். ஆனால் அதை நினைத்தால் மூத்தவளுக்கு இன்றும் உடம்பு கூசும்.

வீட்டில் கணவன் பழைய காலணிக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தான். சனிக்கிழமை கட்ட வேண்டிய பணத்துக்காகக் கடையின் இரண்டாவது மிஷினை விற்கப் பேசி முடித்துவிட்டதாகச் சொன்னான். அவள் சொல்லச் சொல்ல, தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது.

"நீதான அளவெடுத்த?"

"ஆமாங்க. அதான் சொல்றேன்."

"நான் வேலைக்குப் போகணும்னு நீதான அனுப்புன? இப்ப நீயே இல்லைங்கற. மேசைக்கு அடியில பேப்பர் இருந்துச்சாம், அதனால வேலை இல்லையாம். அரையிஞ்சுன்னு சும்மாவா பேர் வெச்சாங்க!"

அவன் கோபம் அவள் மேல் இல்லை என்று அவளுக்குத் தெரியும். திங்கட்கிழமையை அவன் கையிலிருந்து பிடுங்குவதுபோல் இருந்தது, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை மகளைத் தானே பள்ளியில் விட்டாள், முன்வாசல் வழியாக. பிறகு கணவனின் கடிதத்தை ரவிக்கைத் துணிக்குள் மடித்து வைத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறி விமான நிலையச் சரக்கு வாசலுக்குப் போனாள். வாசலில் இருந்த காவல்காரப் பெண் கடிதத்தைப் பாதி பிரித்ததுமே உதட்டைப் பிதுக்கினாள்.

"காசு கட்டிட்டீங்களா?"

"பாதி."

"மீதியைக் கட்டாதீங்க. இங்க வேலைக்கு யாருகிட்டயும் ஒத்தைக் காசு வாங்கறதில்லை. அசலையும் வாங்கி வெச்சுக்க மாட்டாங்க, பாத்துட்டுத் திருப்பிக் குடுத்துடுவாங்க. வேணும்னா உள்ள ஆபீஸ்ல கேளுங்க." உள்ளேயும் கேட்டாள். அங்கே இருந்தவர் கடிதத்தில் இருந்த கையெழுத்துக்காரர் என்று ஒருவரே இல்லை என்றார். இந்த மாதத்தில் இப்படிக் கடிதம் கொண்டுவந்தவர்களில் அவள் ஏழாவது ஆளாம்.

திரும்பும் பஸ்ஸில் அவள் நோட்டைத் திறக்கவே இல்லை. அந்த முப்பத்தொரு பேரின் தொலைபேசி எண்ணும் அதில் இருந்தது. வேலை பொய் என்று போனில் சொன்னால் யார் நம்புவார்கள்? நம்பாதவன் ஒருவன் நேரே மாடிக்குப் போய், "கீழ இருக்கற தையல்காரி இப்படிச் சொல்றா சார்" என்பான். அதற்கப்புறம் பின்வாசல் ரோடு. எல்லோரும் ஒரே நேரத்தில், பதினொரு மணிக்கு முன்னால், அவள் கண் எதிரே இருக்க வேண்டும். எதைச் சொன்னால் மறுபேச்சு பேசாமல் வருவார்கள்?

ஒன்றுதான் இருந்தது. அதைச் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. சொன்னாள், ஒவ்வொருவருக்காக, முப்பது தடவை.

"அளவு தப்பா எடுத்துட்டேங்க. மன்னிச்சுக்கோங்க. நாளைக்கு ஒம்பது மணிக்கு வந்துடுங்க, இல்லைன்னா யூனிஃபார்ம் வராது."

"நீயா? தப்பாவா?" என்று தொப்பைக்காரர் சிரித்தார். "அப்ப உலகம் அழியப்போவுது."

மடிப்பு வேலைப் பெண் மட்டும் போனை எடுக்கவில்லை. மூன்று முறை அடித்தும் எடுக்கவில்லை.

சனிக்கிழமை ஒன்பது மணிக்கு இருபத்தாறு பேர் வந்தார்கள். கடைக்குள் பாதி, வாசலில் பாதி. அவள் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, தணிந்த குரலில் சொன்னாள். துணிக்கணக்கு, மேசைக்கால், விமான நிலைய வாசல், எல்லாவற்றையும். மகளைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

ஒருவன் கேட்டான்: "தலைக்கு இவ்வளவுன்னு வாங்குனியே, அதை என்ன பண்ணப்போற?"

"ரெண்டு பேரும் கூட்டு. பங்குல தகராறு போல" என்றான் இன்னொருவன்.

"நீ அளவெடுத்ததைப் பாத்துத்தான் எங்க அண்ணிகிட்ட கைநீட்டிக் கடன் வாங்கினேன்" என்றார் ஒரு நடுவயதுக்காரர். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

அப்போது தலைக்கு மேலே படியில் அசைவு. எல்லாக் காலடியும் அவளுக்குத் தெரியும். இது ஓசையே இல்லாமல், படிப்பலகை மட்டும் லேசாக முனகும் காலடி. அவள் விரலை உதட்டில் வைத்தாள். சண்டை போட்டுக்கொண்டிருந்த இருபத்தாறு பேரும் ஏன் என்று தெரியாமலே மூச்சை அடக்கினார்கள். இறங்கியது. நின்றது. பாதி ஷட்டருக்குக் கீழே பளபளக்கும் காலணி இரண்டு தெரிந்தது.

"என்னம்மா, காலையிலயே கூட்டம்?"

"அளவு... தப்பிடுச்சு சார்."

குனிந்து உள்ளே பார்த்தார். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்து கடைசியில் அவள் முகத்தில் நிறுத்தினார். சிரித்தார்.

வாசல் பக்கத்துக் கூட்டத்தில் ஓர் ஆள் நகர்ந்தான். அவள் கணவன். அவன் வந்ததையே அவள் கவனிக்கவில்லை.

"சார், என் லைசென்ஸைக் கொஞ்சம் குடுங்க. ஜெராக்ஸ் எடுக்கணும்."

"பதினோரு மணிக்கு வாங்க, தரேன்."

"இப்பவே வேணும் சார்."

"எனக்கும் சர்டிபிகேட் வேணும் சார்" என்றார் தொப்பைக்காரர். "எனக்கும்." "என்னுதும்." பங்குத் தகராறு என்று சொன்னவன்கூடக் கேட்டான். யாரும் குரலை உயர்த்தவில்லை. எல்லோரும் ஓரடி முன்னால் வந்தார்கள். அவர் ஓரடி பின்னால் போனார்.

"சாவி வண்டியில இருக்கு. எடுத்துட்டு வரேன்."

வண்டி கிளம்பிய சத்தம் கேட்டது. திரும்பி வந்த சத்தம் கேட்கவில்லை.

கட்டட உரிமையாளர் வந்து மாற்றுச் சாவியால் திறந்தார். இழுப்பறையில் எல்லாச் சான்றிதழும் இருந்தன. சாவி பூட்டிலேயே தொங்கிய அந்த மேசை, இரண்டு நாற்காலி, வேறொன்றும் இல்லை. அந்த இருபத்தாறு பேரும் மீதிப் பணத்தைக் கட்டவில்லை. கட்டியிருந்தவர்கள் ஐந்து பேர். முந்தின நாளே கட்டினால் பகல் வேலை தருவதாக அவர்களுக்கு மட்டும் சொல்லியிருக்கிறார்கள்.

மடிப்பு வேலைப் பெண் அந்த ஐவரில் ஒருத்தி. மதியம் தன் அம்மாவோடு வந்தாள். அம்மாதான் பேசினார்: "இவளைத் திட்டாதம்மா. நான் திட்டி முடிச்சுட்டேன்." பெண் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அரையிஞ்சு கடையைப் பூட்டினாள். அவளைக் கூட்டிக்கொண்டு காவல் நிலையம் போனாள். விஷயம் கேட்டு மருத்துவமனையிலிருந்து ஈரக்கையோடு ஓடிவந்த மூத்தவளும் கூடவே போனாள். எழுதிக்கொண்ட அதிகாரி பேனாவை நிறுத்தி, "நீங்களும் காசு வாங்கியிருக்கீங்க. உங்க பேரையும் எழுதணும், தெரியுமில்ல?" என்றார்.

மூத்தவள் தங்கையின் முழங்கையைக் கிள்ளினாள்.

"தெரியும் சார். எழுதுங்க" என்றாள் தங்கை. எவ்வளவு வாங்கினாள், எந்தெந்த நாளில் வாங்கினாள் என்று ஒன்று விடாமல் சொன்னாள்.

வெளியே வந்தபோது பள்ளி விடும் நேரம்; அந்தச் சனிக்கிழமையும் பள்ளி இருந்தது. அக்காவும் தங்கையும் மகளைக் கூப்பிட நடந்தார்கள். நடை தானாகவே வேகமாயிற்று. அந்த ஆளை இன்னும் பிடிக்கவில்லை. எப்போது பிடிப்பார்கள் என்று அதிகாரியாலும் சொல்ல முடியவில்லை. பின்னால் ஒரு வண்டிச் சத்தம் நெருங்கி வந்தது. வாயை மூடிக்கொண்டிரு என்று சொன்ன அதே மூத்தவள், தங்கையின் தோளைப் பிடித்துச் சுவர்ப் பக்கமாக நகர்த்திவிட்டு, ரோட்டுப் பக்கத்துக்குத் தான் மாறிக்கொண்டாள்.