வான் குடித்த மழைத்தண்ணீர்

போன கிழமை புங்குடுதீவுப் பாலத்தில் எங்கள் வான் எஞ்சின் கொதித்து நடுவழியில் நின்றது. நாளை அம்மாவை யாழ்ப்பாணம் கிளினிக்குக் கொண்டுபோக வேண்டும். அதனால் இன்று காலை ரேடியேட்டரை நானே கழுவ இறங்கினேன்.

அடித் திருகைத் திறந்ததும் செங்கல் கரைத்த மாதிரித் தண்ணீர் கொட்டியது. கிணற்றுத் தண்ணீரால் அலசி, நிரப்புவதற்கு இன்னொரு வாளியைத் தூக்கினேன்.

பக்கத்து வீட்டுத் தவமணி அக்கா ஓட்டோ ஓடுகிறவர். வேலிக்கு மேலால் பார்த்துவிட்டு வந்து, வாளிக்குள் விரலை விட்டு நக்கினார்.

"இந்த உவர்த் தண்ணியில தேத்தண்ணி போடுவீரோ?"

"இல்லை அக்கா."

"பிறகேன் எஞ்சினுக்கு விடுறீர்? உந்த உப்பாலதான் உள்ளுக்குத் துரு."

போனவர் இரண்டு பிளாஸ்டிக் கான் தண்ணீரோடு திரும்பினார். மாரி மழையில் கூரையிலிருந்து பிடித்து வைத்தது. அவர்கள் வீட்டில் குடிக்கிற தண்ணீர்!

"அக்கா, இது உங்களுக்குக் குடிக்க..."

"உம்மட அம்மாவுக்குப் பாலத்தில இறங்கி நடக்க ஏலாது. பிடியும்."

முதல் கானால் மறுபடி அலசினோம். அடுத்ததை ஒரு சொட்டும் சிந்தாமல் அவரே ஊற்றினார். நான் மூடியை இறுக்கினேன்.

அரை மணித்தியாலம் ஓடவிட்டும் வெப்ப முள் நடுவிலேயே நின்றது.

எங்கள் வீட்டில் எல்லோரும் பவுசர் லொறியில் வருகிற தண்ணீர்தான் குடிக்கிறோம். மழைத்தண்ணீர் குடிப்பது வான் மட்டும்தான். உங்கள் வாகனம் என்ன குடிக்கிறது?