ரயில்வே கேட்டில் அணையாத எஞ்சின்

போன வெள்ளிக்கிழமை காலை, லேத்தில் ஒரு பம்ப் ஷாஃப்டை மாட்டிவிட்டு ஸ்விட்சைப் போடப் போன நேரத்தில் போன் அடித்தது. ஜமால் பாயின் மகள் ஷமீம். “மாமா, அத்தா மௌத்தாயிட்டாங்க. அரியூர் ஆஸ்பத்திரியிலேர்ந்து வண்டி கெளம்பப் போவுது. நீங்க வூட்டுக்கு வந்துடுங்க” என்றாள். ஜமால் பாய் போய்விட்டார். நான் ஸ்விட்சைப் போடவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு வில்லியனூரில் அவர் வீட்டு வாசலுக்குப் போய் நின்றேன்.

வண்டி வருவதற்குள் அங்கே கூட்டம் சேர்ந்துவிட்டது. எல்லோரும் அவரைப் பற்றித்தான் பேசினார்கள். எங்கே ஆரம்பித்தாலும் பேச்சு அந்தச் சிவப்புக் காரில் வந்து நின்றது. ஆளுக்கு ஒரு கதை. அதில் பாதி தப்பு, மீதியைக் கட்டிவிட்டது ஜமால் பாயேதான். அந்த எஞ்சினைக் கட்டியபோது கூட இருந்தவன் என்பதால் நடந்ததை நான் எழுதிவிடுகிறேன். அவரோடு பழகிய உங்களுக்குத் தெரியும், மெதுவான குரலில் சொல்லக்கூடிய ஆள் இல்லை அவர். எனக்கும் அந்தக் காரை நினைத்தால் இன்றும் மெதுவாகப் பேச வராது.

எண்பதுகளின் நடுவில் எங்கள் இருவர் கொட்டகையும் அரியூர் சாலையில் ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு நின்றன. இந்தப் பக்கம் என் லேத், அந்தப் பக்கம் அவருடைய எஞ்சின் வேலை. என் பெயர் அவர் வாயில் வந்ததே இல்லை. “யோவ் லேத்து” என்பார், சுவர் அதிரும். அடக்கம் என்பது அவர் பக்கமே வராத சரக்கு. ஒரு டிராக்டர் கிளம்பிவிட்டால் போதும், தெருவில் போகிறவரை நிறுத்தி, “கேளுங்க, கேளுங்க, எப்டி பேசுது பாருங்க” என்று கேட்க வைத்துத்தான் அனுப்புவார்.

அவர் குடும்பத்துக்குக் கடைவீதியில் மளிகைக் கடை. அப்பா போன பிறகு அண்ணன்தான் தனியாளாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊரே அவரைப் பெரிய பாய் என்று கூப்பிடும். தம்பி கல்லாவில் வந்து உட்கார வேண்டும் என்பது அவருடைய தீராத ஆசை. அதில் நியாயமும் இருந்தது, ஒரு மனிதர் எவ்வளவுதான் மூட்டை இறக்குவார்?

அப்படி இருக்கையில்தான் ஒரு நாள் டிராக்டரில் கயிறு கட்டி அந்தக் காரை இழுத்து வந்தார்கள். பாகூர் பக்கத்துச் சொல்தா வீட்டுப் பிள்ளை லூர்து அதைப் பிரான்சிலிருந்து கப்பலில் கொண்டுவந்திருந்தான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் பக்கம் சொல்தா என்போம். குள்ளமாக, அகலமாக, சிவப்பாக ஒரு ஸ்போர்ட்ஸ் கார். தவளக்குப்பம் தாண்டி வேகம் எடுத்தபோது வெள்ளைப் புகை விட்டு நின்றுவிட்டதாம். சென்னைப் பக்கத்துப் பந்தயத்தில் ஓட்டப் பெயர் கொடுத்துவிட்டு வந்திருந்தான் பையன். முகத்தில் ஈ ஆடவில்லை.

ஜமால் பாய் பானெட்டைத் தூக்கினார். உள்ளே எஞ்சின் ஓரத்தில் நத்தை மாதிரி சுருண்ட ஒரு இரும்பு. எஞ்சினை விட்டு வெளியே போகிற புகை அதற்குள் இருக்கும் ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றும். அதே தண்டில் மறுபக்கம் இருக்கும் சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் ஊட்டும். டர்போ என்று கேள்விப்பட்டிருந்தோம், கண்ணால் பார்த்ததில்லை. அவர் கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்துவிட்டுக் கத்தினார்: “யோவ் லேத்து, ஓடியா! வெளிய போற புகையையே வேலைக்கு வெச்சிருக்கான்யா!” நான் ஓடினேன். எனக்கும் உடம்பெல்லாம் சிலிர்த்தது.

எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றினால் மூன்றாவது பிஸ்டன் உருகி நடுவில் ஓட்டை விழுந்திருந்தது. ஹெட்டுக்கும் அடியில் இருக்கும் பிளாக்குக்கும் நடுவில் கசியாமல் அடைக்கும் கேஸ்கெட் வெடித்திருந்தது. லூர்து, “பழைய மாதிரி ஆக்கிக் கொடுத்தா போதும்ணே” என்றான். ஜமால் பாய் அவனை ஏற இறங்கப் பார்த்தார். “பழைய மாதிரி கட்னா பழைய மாதிரியேதான் ஒடையும். இதுக்கு எலும்பு ஏத்தணும். அப்புறம் காத்தையும் ஏத்தலாம்” என்றார். அவருடைய வேலை முழுவதற்கும் இந்தச் சொல்தான் அடிப்படை. முதலில் தாங்கும் பலம், அதற்குப் பிறகுதான் வேகம்.

சேதி கடைவீதிக்குப் போய்விட்டது. பெரிய பாய் கொட்டகை வாசலுக்கே வந்து நின்றார். கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது. “ஜமாலு, இதான் கடேசி. இந்தக் காரு ஓடுச்சின்னா ஒன் வழிக்கு நான் வரல. ஓடலன்னா கொட்டாய மூடிட்டு கடையில வந்து உக்காரு” என்றார். ஜமால் பாய் யோசிக்கவே இல்லை. “சரிண்ணே” என்றார். எனக்குத்தான் அவர் கல்லாவில் உட்கார்ந்து பருப்பு நிறுப்பதை நினைத்துப் பார்க்கவே பிடிக்கவில்லை.

பிறகு நாங்கள் வேலை செய்தோம். வேலையா அது, திருவிழா! உருக்கி வார்த்த பிஸ்டனுக்குப் பதிலாக அடித்து இறுக்கிச் செய்த பிஸ்டன்களை லூர்துவின் சித்தப்பா பாரிசிலிருந்து பெட்டியில் போட்டு எடுத்துவந்தார். ஹெட்டைப் பிடித்து நிறுத்தும் ஸ்டட்டுகளை லாரி ஆக்சில் இரும்பிலிருந்து நான் கடைந்து கொடுத்தேன், முன்பு இருந்ததைவிடத் தடிமனாக. கேஸ்கெட்டைச் செம்புத் தகட்டில் வெட்டி, காய்ச்சி மெதுவாக்கிப் போட்டோம். அமுக்கும்போது சூடாகிவிடும் காற்றைக் குளிரவைக்க முன்பக்கம் பெரியதாக ஒரு கூலர். வால்வு சரியாக உட்காருகிறதா என்று பார்க்க எல்லோரும் நீல மை தடவுவார்கள். இவர் வீட்டிலிருந்து சுர்மாவை எடுத்துவந்து எண்ணெயில் குழைத்துத் தடவினார். “வால்வுக்கு மை வெச்சாத்தான் எங்க ஒட்டுது எங்க ஒட்டலன்னு தெரியும்” என்று அதற்கு விளக்கம் வேறு. கண்ணில் போட வைத்திருந்த சுர்மா காணாமல் போனதற்கு அவர் மனைவி போட்ட சத்தம் என் லேத் வரைக்கும் கேட்டது.

பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு நான்கும் ஒரே எடையாக இருக்க வேண்டும் என்று அடம்பிடித்தார். அதற்கு அவர் போன இடம் அண்ணன் கடை. ஏலக்காய் நிறுக்கும் சின்னத் தராசில் ராடுகளை வைத்து, எடை கூடின பக்கத்தை அரத்தால் தேய்த்து, மறுபடி வைத்து. “ஏலக்கா தராசுல எண்ணெ இரும்ப வெக்கிறியேடா!” என்று பெரிய பாய் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் முள் ஆடி நிற்கும் வரை அவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்ததை நான் கவனித்தேன்.

முதல் தடவை எஞ்சின் உயிர் பிடித்தபோது கொட்டகைத் தகரம் பாடியது. ஜமால் பாய் என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக் கிள்ளிவிட்டார். அடுத்து சில நாள் தினமும் பாகூர் ஏரிப் பக்கம் போய்த் திரும்பினோம். மிதியை அழுத்தினால் முதலில் ஒன்றுமே நடக்காது. பிறகு ஒரு சீட்டி கிளம்பும். அதற்குப் பிறகு முதுகு சீட்டில் ஒட்டிக்கொள்ளும். சாலையில் உளுந்து காயப்போட்டிருந்த ஒரு அம்மா, “இன்னாடா அது, உளுந்தெல்லாம் வாரிக்கினு போவுது!” என்று மண்ணை வாரித் தூற்றினார். அடுத்த நாளிலிருந்து அந்த இடத்தில் மட்டும் மாட்டுவண்டி மாதிரி போனோம்.

அந்தச் சந்தோஷம் வில்லியனூர் ரயில்வே கேட்டில் முடிந்தது. கேட் திறந்து, சாவியைத் திருகினால் நீலப் புகை. சீட்டி இல்லை. இழுவை இல்லை. காரைத் தள்ளிக்கொண்டு கொட்டகைக்கு வந்தோம். கடைவீதி முழுக்கப் பார்த்தது. பெரிய பாயும் பார்த்தார். சாயங்காலம் கல்லாவுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு நாற்காலி போட்டிருப்பதாகச் சேதி வந்தது.

டர்போவைப் பிரித்தால் தண்டு கருகி இறுகிப்போயிருந்தது. அதற்கு எண்ணெய் கொண்டுபோகும் குழாய்க்குள் கரி பிடித்த தோசைக்கல் மாதிரி கறுப்பு. எண்ணெய் நல்ல எண்ணெய். குழாய் புதுக் குழாய். ஜமால் பாய் அந்தக் குழாயை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திடீரென்று தொடையில் தட்டிக்கொண்டார். “யோவ், நான்தான்யா. கேட்ல நிக்கும்போது இன்னா செய்யறேன்? சாவிய அணைக்கறேன்!”

எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான். கேட் போட்டிருந்தால், தூரத்திலேயே எஞ்சினை அணைத்துவிட்டு உருண்டு வந்து நிற்போம், பெட்ரோல் மிச்சம். லாரி, கார், மொபெட் எதுவானாலும் இதே வழக்கம். ஆனால் வேகமாக ஓடி வந்த டர்போ நெருப்பாகக் கொதித்துக்கொண்டிருக்கும். எஞ்சினை அணைத்த கணமே எண்ணெய் நின்றுவிடும். உள்ளே நின்ற எண்ணெய் வெந்து கரியாகும். தினமும் ஏரியிலிருந்து பறந்து வந்து, தினமும் அதே கேட்டில், மளிகைக்கடை வீட்டுப் பிள்ளையாக லட்சணமாக அதை அணைத்திருக்கிறார். “ஓடி வந்தவன் மூக்க பொத்தினா செத்துடுவான்யா. மூச்சு வாங்க உடணும்” என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். தப்பைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் தப்பு தன்னுடையது என்பதுகூட அவருக்கு மறந்துபோய்விட்டது.

டர்போ தண்டைத் தாங்கும் வெண்கல புஷ்ஷைப் புதிதாகக் கடைந்தேன். தண்டை மெருகேற்றினோம், குழாயை மாற்றினோம். பந்தயமும், லூர்து பிரான்சுக்குத் திரும்பும் நாளும் நெருங்கிக்கொண்டிருந்தன. ஜமால் பாய் நேராகக் கடைக்குப் போய், “அண்ணே, நீயே வந்து உக்காந்து பாரு. ஓடலன்னா அப்டியே கடைக்கு வந்துடறேன்” என்றார். பெரிய பாய் தொப்பியைச் சரிசெய்துகொண்டு முன் சீட்டில் ஏறினார். நான் பின்னால் மடங்கி உட்கார்ந்தேன்.

ஏரிக்கரையை விட்டுச் சாலை நேரானதும் ஜமால் பாய் மிதித்தார். சீட்டி கிளம்பியது. பெரிய பாய், “டேய், டேய், டேய்” என்றார். தொப்பி ஜன்னல் வழியாகப் பறந்தது. பனைமரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஓடின. பயத்திலா சந்தோஷத்திலா தெரியாது, நான் கத்தினேன். பெரிய பாயும் கத்தினார். ஜமால் பாய் ஒருவர்தான் வாயைத் திறக்காமல் எஞ்சினைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

வில்லியனூரில் கேட் போட்டிருந்தது. மாட்டுவண்டிகளுக்குப் பின்னால் நின்றோம். மூச்சு வாங்கிக்கொண்டிருந்த பெரிய பாய், கேட்டைப் பார்த்தார், தன்னை அறியாமல் கையை நீட்டினார். “பெட்ரோல் வீணாவுதுடா.” அவர் விரல் சாவியில் பட்டது.

ஜமால் பாய் அந்தக் கையை அடித்தார். பளீரென்று கேட்டது. அண்ணனுக்கு எதிரில் உட்கார்ந்துகூடப் பேசாதவர், அப்பா இடத்தில் இருந்த மனிதரின் கையை, ஊர் பார்க்க. வண்டிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “கொஞ்சம் ஓடட்டும்ணே” என்றார் ஜமால் பாய்.

பெரிய பாய் கையைத் தடவிக்கொண்டு நேராகப் பார்த்தபடி இருந்தார். எஞ்சின் மெதுவாக, சீராக ஓடிக்கொண்டிருந்தது. ரயில் வந்தது, போனது. கேட் ஏறியது. இழுவை அப்படியே இருந்தது, புகை இல்லை. கடை வாசலில் இறங்கும்போது பெரிய பாய் சொன்னார்: “கடைய நான் பாத்துக்கறேன். நீ இத்தப் பாரு.” உள்ளே போய், கல்லா பக்கத்து நாற்காலியை எடுத்து அவரே பின்கட்டில் போட்டார். ஜமால் பாய் ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதார். நானும் அழுதேன், வெட்கம் என்ன.

பந்தயத்தில் அந்தக் கார் நான்காவதாக வந்தது. ஜமால் பாய் கடைசி வரைக்கும் இரண்டாவது என்றுதான் சொன்னார். இனி நீங்களும் இரண்டாவது என்றே சொல்லிக்கொள்ளுங்கள், நான் ஆட்சேபிக்கப் போவதில்லை.

வெள்ளிக்கிழமை ஜமால் பாயைக் கொண்டுவந்த வண்டி வாசலில் நின்றது. முன் சீட்டில், டிரைவருக்குப் பக்கத்தில், பெரிய பாய். காது மந்தம், கண் மங்கல், தம்பியோடு ஆஸ்பத்திரியிலிருந்து அவரே வந்திருந்தார். பெண்கள் அழுகை எழுந்தது. டிரைவர் பையன் சாவியில் கை வைத்தான். பெரிய பாயின் கை நீண்டு அந்தக் கையைப் பிடித்தது.

“கொஞ்சம் ஓடட்டும்பா” என்றார்.

பையனுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் கையை எடுத்துக்கொண்டான். நாங்கள் எல்லோரும் சும்மா நின்றோம். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஜமால் பாயிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துவைத்திருப்பது அந்தக் கொஞ்ச நேரத்தைத்தான். இன்றைக்கும் என் மொபெட்டைக்கூட நான் உடனே அணைப்பதில்லை.